பின்பக்கத் திருகு

கார் என்றாலே எனக்கு ஆகாது சார். கொஞ்ச தூரம் போனாலே குமட்டும். அதனால்தான் என் மகன் ஹரிபிரசாத் தன்னுடைய ஸ்போர்ட்ஸ் காரில் ஷாக் அப்சார்பரையெல்லாம் மாற்றியபோது, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி பார்த்து வாங்கினான். ரேஸ் டிராக்கில் ஓட்டும்போது இறுக்கிக்கொள்ளலாம். ஊருக்குள் அம்மா உட்கார்ந்தால் தளர்த்திக்கொள்ளலாம். திருத்தங்கல் மெக்கானிக் முனியராஜ்தான் பூட்டிக் கொடுத்தார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. அவரை விட்டுவிடுங்கள்.

டிக்கியைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் பின்பக்க ஷாக் அப்சார்பருக்கு ஒவ்வொரு திருகு இருக்கும். ஹரிதான் காட்டினான். "பின்பக்கத்த மட்டும் ரொம்ப இறுக்கிட்டா, ஈரத்துல திரும்பும்போது வண்டி வாலை வீசிரும்மா. ரோட்டுக்குத் தளர்வாத்தான் இருக்கணும்" என்றான். எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லித் தருகிற பிள்ளை.

அவன் அப்பா எங்கள் பட்டாசுக் கம்பெனியின் ஏழாயிரம்பண்ணை யூனிட்டில் மருந்து கலக்கிற ஷெட் வெடித்ததில் போனார். மூடிய பெட்டியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு கம்பெனியையும் இவனையும் நான் ஒருத்தியாகத்தான் பார்த்துக்கொண்டேன். இந்த ஐப்பசியில் கோயம்புத்தூர் ரேஸ் டீம் ஒன்று அவனைக் கூப்பிட்டது. அங்கேயே தங்கப் போவதாகச் சொன்னான். கெஞ்சினேன். சாப்பிடாமல் கிடந்தேன். "நான் சாகப் போகலம்மா, ஓட்டத்தான் போறேன்" என்றான். போனால் அவனும் பெட்டியில்தான் வருவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒரு கால் முறிந்தால் வீட்டோடு இருப்பான். அவ்வளவுதான் நான் நினைத்தது.

அடைமழை பிடித்திருந்தது. அவன் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு திருகையும் கொஞ்சம் இறுக்கினேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாகத் திரும்பி வந்தான். சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். மறுநாள் காலை, இனித் திரும்பாது என்கிற வரைக்கும் இறுக்கினேன்.

விஸ்வநத்தம் தாண்டி வருகிற வளைவில் கார் சுழன்று, பஸ்ஸுக்கு நின்ற சண்முகத்தாயை அடித்துவிட்டுப் புளியமரத்தில் மோதியது. சண்முகத்தாய் எங்கள் கம்பெனியில் திரி செருகுகிறவள். நல்ல வேலைக்காரி. அவள் வீட்டில் காரியத்துக்கு வேண்டியதைச் செய்துவிட்டேன். ஹரிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆனால் உயிர் இருக்கிறது. கோயம்புத்தூர் பேச்சு இப்போது வீட்டில் இல்லை.

திருகு இறுகிக் கிடந்ததென்று முனியராஜை நீங்கள் பிடித்துப் போனதை அவனிடம் சொன்னேன். "அந்தத் திருகு எங்கன இருக்குன்னு அவருக்கும் எனக்கும் ஒனக்கும்தாம்மா தெரியும்" என்றான்.

அதிலிருந்து பேசவில்லை. நான் சோறு கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வீட்டுக்கு வருகிற நர்ஸ் கொடுத்தால் சாப்பிடுகிறான். ஊசி மருந்து வேகத்தில் நாக்கு கசக்கும், அதனால்தான்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். சொர்ணலட்சுமியாகிய நான்தான் செய்தேன். கையெழுத்தும் போடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் என்னை வீட்டில் விட்டுவிடுங்கள். நான் ஊட்டாவிட்டால் அவன் சாப்பிடமாட்டான்.