ஒரே ஈரலில் இரண்டு துண்டு

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், ஐயா. சளி பிடித்தால் எனக்கு இருமல் விடாது. இருமினால் இப்போது வயிறு வலிக்கிறது. நன்றி. இனி உங்கள் விசாரணைக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

நான் ஈரல் புற்றை ஆராயும் மருத்துவர். எல்லோருடைய உயிரணுவுக்குள்ளும் 'வளர்' என்று சொல்லும் மரபணுக்கள் உண்டு. தேவைக்குப் பேசிவிட்டு வாயை மூடிக்கொண்டால் தொல்லையில்லை. ஈரல் புற்றில் சில மரபணுக்கள் மூடுவதில்லை. அவற்றைப் புற்று மரபணு என்கிறோம். சதைத் துண்டில் நான் இடும் சாயம், அவை பேசும் இடத்தில் பழுப்பாகப் பிடிக்கும். ஆனால் எங்களிடம் வருகிற ஈரல் பெரும்பாலும் முற்றிப்போய்த்தான் வரும், எங்கு பார்த்தாலும் பழுப்பு. பேச்சு எப்படித் தொடங்கிக் கூச்சலாகிறது என்று அறிய, ஒரே ஆளிடமிருந்து தொடக்கத்தில் ஒரு துண்டு, முற்றிய பின் ஒரு துண்டு வேண்டும். யார் தருவார்கள்? தொடக்கத்திலேயே கட்டி தெரிந்துவிட்டால், முற்றவிடாமல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். பிறந்தபோதே எங்கள் இருவருக்கும் அம்மாவிடமிருந்து மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றியிருந்தது; அது பிற்காலத்தில் ஈரல் புற்றில் கொண்டுபோய் விடலாம். அதனால் ஆண்டுதோறும் நானே அவனுக்கு ஸ்கேன் எடுப்பேன். ஒருமுறை மிளகளவு நிழல் தெரிந்தது. ஊசியால் துளி சதை எடுத்தேன்.

"என் தங்கச்சி ஊசி போட்டா கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று அண்ணியிடம் பீற்றிக்கொண்டான்.

சாயமிட்டுப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு. அவ்வளவு அழகான தொடக்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பயப்படுற மாதிரி எதுவும் இல்லையேம்மா?"

"வெறும் கொழுப்புண்ணா. நாள் பூரா ஸ்டீயரிங்கைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தா வேற என்ன வரும்? நல்லா நட."

நடந்தான், பாவம். உடம்பு இளைத்தபோது, தங்கை சொன்னது பலித்துவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னான். பெல்ட்டில் புதிதாகப் போட்ட துளையை என்னிடம் காட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அண்ணி ஒருநாள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். "அவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. வேற டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டட்டுமா?"

"என்னைவிட அவன்மேல அக்கறை யாருக்கு இருக்கு அண்ணி?"

முகம் சுருங்கி மன்னிப்புக் கேட்டாள். நான் பெரிதுபடுத்தவில்லை.

இரண்டாவது துண்டை அவன் படுக்கையில் விழுந்த பிறகு எடுத்தேன். துண்டு முழுக்கப் பழுப்பு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் அவன் போய்விட்டான். சாவு வீட்டில் எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள்.

ஆமாம், மறைத்தேன். வளரவும் விட்டேன். முதலிலேயே வெட்டியிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டீர்கள். ஈரல் புற்று பொல்லாதது, ஐயா. வெட்டினாலும் திரும்ப வரும். கத்தி, வலி, ஆஸ்பத்திரி வாடை, அத்தனையிலிருந்தும் அவனைக் காப்பாற்றினேன். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

வயிறா? அது ஒன்றுமில்லை, தையல் இன்னும் ஆறவில்லை. போன மாதம் எனக்கும் மிளகளவு நிழல் தெரிந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் படுத்து, வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டேன்.