முழுப்பேரு

தனலெட்சுமி: …கட்டிலோட சேர்த்துக் கட்டி வெச்சிருக்கீங்களே அண்ணே, இதென்ன மாடா?

நாகையா: மெதுவா பேசுங்கம்மா. அவருக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லா கேக்கும்.

தனலெட்சுமி: கேக்கட்டும். ரெண்டு கையையும் கட்டி… மனுஷனை இப்படிப் போட்டு நான் பார்த்ததே இல்ல.

நாகையா: வேட்டிக் கிழிசல்தான். கயிறுன்னா தோலை அறுத்துடும்னு…

தனலெட்சுமி: ஓ. அவ்வளவு இரக்கம்.

நாகையா: கேலி பண்ணுங்க. பெத்த அப்பாவை இந்த வயசாளிங்க ஹோம்ல விட்டுட்டு, நாலு வருஷத்துல ரெண்டே தடவ வந்த மகளுக்குக் கேலி பண்ண உரிமை இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு வாய் கொஞ்சம் அப்படி. பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து கிள்ளானுக்கு வர்றது இப்ப லேசா? ரயில்ல எடம் கிடைச்சுச்சா?

தனலெட்சுமி: நின்னுக்கிட்டே வந்தேன். அந்தப் போர்வையை எடுங்க, முதுகைப் பார்க்கணும்.

நாகையா: வேணாம்மா.

தனலெட்சுமி: எடுங்கண்ணே.

நாகையா: போர்வை எங்க இருக்கு, கோணிச்சாக்கு அது. புண்ணுல ஒட்டிக்கிட்டிருக்கு. பிச்சா ரத்தம் வரும்… இருங்க, நனைச்சு எடுக்குறேன்… ம்… இந்தாங்க, பாருங்க.

தனலெட்சுமி: ஐயோ… என்னண்ணே இது. எலும்பு தெரியுது. அது என்ன, அசையுதே… புழுவா?

நாகையா: காலையிலதான் பொறுக்கிப் போட்டேன். மறுபடியும் வந்திருக்கு.

தனலெட்சுமி: உசுரோட இருக்கிற மனுஷன் மேல…

நாகையா: உக்காருங்கம்மா. அந்தப் பக்கம் வேணாம், ஈரம்.

தனலெட்சுமி: மருந்து?

நாகையா: உப்புத்தண்ணி. வாரம் ஒருக்க புண்ணுக்கு மருந்து கட்ட வந்துக்கிட்டிருந்த டிரெசரும் வர்றதில்ல. முன்ன நாங்க நாலு பேரு வேலைக்கு இருந்தோம். ரெண்டு பேரு ஓடிட்டானுங்க. ஒருத்தனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போட ஏத்திட்டான். நான் ஒருத்தன். குளிப்பாட்டுறதும் நான், கஞ்சி காய்ச்சுறதும் நான், குழி தோண்டுறதும் நான்.

தனலெட்சுமி: என்ன கஞ்சி?

நாகையா: மரவள்ளிக் கெழங்கு. வேற என்ன, பிரியாணியா போடுவேன்?

தனலெட்சுமி: இந்தாங்க, இந்த சோப்பைப் பிடிங்க. பாம் எண்ணெய்ல நானே காய்ச்சுனது. வெந்நி வைங்க, நானே தொடைக்கிறேன்.

நாகையா: சோப்பா… மோந்து பார்த்தே ஆறு மாசம் ஆச்சு. உங்க வீட்டுக்காரர் வரலியாம்மா? தூக்க, பிடிக்க ஒரு ஆம்பள இருந்தா நல்லாருக்கும்.

தனலெட்சுமி: அவரு படுத்துக் கெடக்குறாரு. நாலு நாளா ஒரு வாய் உள்ள எறங்கல.

நாகையா: காய்ச்சலா?

தனலெட்சுமி: காய்ச்சல் இல்ல.

நாகையா: அப்புறம்…

தனலெட்சுமி: மொதல்ல இவரைக் கவனிங்க. கட்டை அவுருங்க.

நாகையா: அவுக்க முடியாதும்மா. அவுத்தா எழுந்து போயிடுவாரு.

தனலெட்சுமி: இந்த முதுகை வெச்சுக்கிட்டா?

நாகையா: நீங்க நம்ப மாட்டீங்க. நானும்தான் நம்பல.

கிழவர்: …நாகையா… பெரட்டு அடிச்சாச்சா?

நாகையா: இல்ல பெரியவரே. இன்னும் விடியல. படுங்க.

தனலெட்சுமி: வெயில் சுள்ளுன்னு அடிக்குது, விடியலங்கிறீங்க.

நாகையா: வேற என்ன சொல்றது? இங்க கெடக்குறவங்க எல்லாம் ரப்பர் தோட்டத்துல முப்பது, நாப்பது வருஷம் பால் வெட்டுனவங்க. விடிகாலையில பேரு கூப்பிடுற பெரட்டு மணி கேட்டா எழுந்து போய் வரிசையில நின்னே பழகுன ஒடம்பு. உங்களுக்குச் சொல்லணுமா.

தனலெட்சுமி: தெரியும். பிந்துனா, பேரு எழுதுற கிராணி அரைப்பேருதான் போடுவாரு. அரை நாள் கூலி போயிடும். எங்கப்பா வாழ்நாள்ல அரைப்பேரு வாங்குனதே இல்ல, எப்பவும் முழுப்பேருதான். அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தாரு.

நாகையா: அதேதான். இங்க இருந்த மணியை ஜப்பான்காரங்க கழட்டிட்டுப் போயிட்டாங்க. கஞ்சிக்குக் கூப்பிட ஏதாவது வேணுமேன்னு, ஒரு தண்டவாளத் துண்டைப் பின்னால ரம்புத்தான் மரத்துல கட்டித் தொங்கவிட்டேன். மொத நாள் அடிச்சேன் பாருங்க… மாசக்கணக்கா கட்டில்ல கெடந்தவங்க எல்லாம் எழுந்து வந்து வரிசையா நின்னுட்டாங்க. கைய ஒடம்போட ஒட்ட வெச்சுக்கிட்டு. கஞ்சிக்கு இல்லம்மா, பெரட்டுக்கு. நான் சிரிச்சேன். அப்புறம் எனக்கும் அது வசதியாப் போச்சு. ஒவ்வொருத்தரா தூக்க வேணாம் பாருங்க.

தனலெட்சுமி: வசதி…

நாகையா: ஒத்த ஆளும்மா நான்.

தனலெட்சுமி: சரி. இவருகிட்ட நான் பேசணும். பெரியவரே… அப்பா. நான் தனம் வந்திருக்கேன்.

கிழவர்: எந்தத் தனம்?

நாகையா: ஞாபகம் எல்லாம் போச்சும்மா. என்னையே சில நாள், வேலை வாங்குற தண்டல்ம்பாரு.

தனலெட்சுமி: எந்தத் தோட்டத்துல வேலை பார்த்தீங்க?

கிழவர்: தெலுக் பங்லிமா காராங் பக்கம்… வாய்க்கால் ஓரத் தோட்டம்.

தனலெட்சுமி: நம்ம சுங்கை வே பக்கம் இல்லியா?

கிழவர்: அந்தப் பக்கம் நான் போனதே இல்ல ஆத்தா.

நாகையா: சொன்னேனே, எல்லாத்தையும் போட்டுக் குழப்புவாரு. நாலு வருஷத்துல மொட்டை அடிச்சு, எளைச்சு, ஆளே உருமாறிப் போச்சு. நீங்க இப்ப ரயிலுக்குக் கெளம்புனாத்தான்…

தனலெட்சுமி: அண்ணே.

நாகையா: என்னம்மா?

தனலெட்சுமி: எங்கப்பாவுக்கு வலது கையில கட்டவிரல் பாதிதான். பால் கத்தி வாங்கிக்கிச்சு. நான் உள்ள நுழைஞ்சதும் கட்டி வெச்ச கையைத்தான் பார்த்தேன். இவருக்கு அஞ்சு விரலும் முழுசா இருக்கு. நீங்க எதுவரைக்கும் போறீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

நாகையா: அம்மா…

தனலெட்சுமி: இவரு யாரு?

நாகையா: பக்கிரிசாமி. யாரும் இல்லாதவரு. வாசல்ல நின்னு 'ரெங்கசாமி மக வந்திருக்கேன்'னு நீங்க சொன்னதும் எனக்குக் கை கால் ஓடல. கடைசிக் கட்டிலுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.

தனலெட்சுமி: எங்கப்பா எங்க?

நாகையா: போன வெள்ளிக்கிழமை ஒரு லோரி வந்துச்சு. சயாமுக்கு ஆள் பிடிக்க. ரெண்டு ஜப்பான்காரன், பேரு எழுத ஒரு தமிழாளு. தோட்டத்துல ஆளு பத்தலையாம். இங்க எவனாவது ஒளிஞ்சிருக்கானான்னு தேடுனாங்க. எல்லாம் படுத்த படுக்கை, எவரும் எழுந்திரிக்க மாட்டாங்கன்னு சொன்னேன். பார்த்துட்டுப் போகத்தான் கெளம்புனாங்க…

தனலெட்சுமி: அப்புறம்?

நாகையா: கூட வந்த அந்தத் தமிழாளு தோட்டத்து ஆளு போல. மரத்துல தொங்குற தண்டவாளத்தைப் பார்த்தான். போய் அடிச்சுட்டான்.

தனலெட்சுமி: எழுந்து வந்தாங்களா?

நாகையா: பதினோரு பேரு. வரிசையா. பேரு கேட்டதும் ஒவ்வொருத்தரா சொன்னாங்கம்மா, சத்தமா. அப்படியே ஏத்திட்டாங்க. உங்கப்பா மொத ஆளு.

தனலெட்சுமி: எழுபத்திரெண்டு வயசு…

நாகையா: நான் கத்துனேன். துப்பாக்கிக் கட்டையால நெஞ்சுல ஒரு இடி. இவரு தவழ்ந்துக்கிட்டே பின்னால போனாரு. வாசல் தாண்டறதுக்குள்ள லோரி போயிருச்சு. பேரு விழலயேன்னு அழுதாரு. அன்னையில இருந்து எப்ப அவுத்து விட்டாலும் வாசலுக்குத் தவழ்ந்து போறாரு. லோரி திரும்ப வந்தா? அதான் கட்டி வெச்சிருக்கேன்.

கிழவர்: நாகையா.

நாகையா: படுங்க பெரியவரே.

கிழவர்: அன்னிக்கி மணி அடிச்சது நீதான.

நாகையா: …சும்மா இருங்க. இவருக்கு என்ன தெரியும், கண்ணு தெரியாதவரு…

கிழவர்: கண்ணு தெரியாது. காது கேக்கும். கஞ்சிக்கு நீ அடிக்கிற மாதிரியே மூணு அடிச்ச. நிறுத்துன. அப்புறம் ஒண்ணு. தோட்டத்துல அப்படி யாரும் அடிக்க மாட்டாங்க.

தனலெட்சுமி: அண்ணே, என்னைப் பாருங்க.

நாகையா: …ஜப்பான்காரன் பத்து தலை வேணும்னான்ம்மா. இல்லன்னா நீ ஏறுன்னான். என் பொண்டாட்டி புள்ளத்தாச்சி. அடிச்சா அஞ்சாறு பேரு வருவாங்க, நிக்க முடியாம விழுவாங்க, பார்த்துட்டுச் சிரிச்சுக்கிட்டுப் போயிடுவான்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். ஒருத்தர் கூட விழலம்மா. அவ்வளவு நேரா நின்னாங்க.

தனலெட்சுமி: தெரியும்.

நாகையா: என்ன தெரியும்?

தனலெட்சுமி: நீங்கதான் அடிச்சீங்கன்னு தெரியும். எங்கப்பா போனதும் தெரியும். பொய்யா இருக்கணும், இந்தக் கட்டில்ல அவரு படுத்திருக்கணும்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டு வந்தேன். பெரியவரே, கையைக் காட்டுங்க, அவுக்குறேன். மெதுவா… வெந்நி கொண்டாங்க அண்ணே. மாட்டுவண்டி ஒண்ணும் பாருங்க.

நாகையா: எதுக்கு?

தனலெட்சுமி: இவரை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்க விட்டுட்டுப் போனா நான் மனுஷியே இல்ல.

கிழவர்: எங்க ஆத்தா? பெரட்டுக்கா?

தனலெட்சுமி: பெரட்டு முடிஞ்சு போச்சு பெரியவரே. வீட்டுக்கு.

நாகையா: அம்மா, முன்ன பின்ன தெரியாத ஆளை… உங்க வீட்டுக்காரர் என்ன சொல்வாரு? ஆமா, அடிச்சது நான்தான்னு உங்களுக்கு யாரு சொன்னா? அன்னிக்கு இங்க நானும் லோரில வந்தவங்களும்தான…

தனலெட்சுமி: லோரில பேரு எழுத வந்த கிராணிதான் அண்ணே என் வீட்டுக்காரர். தலையக் குனிஞ்சுக்கிட்டு மொதப் பேரைக் கேட்டிருக்காரு. எங்கப்பா இவரு குரலைக் கண்டுபிடிச்சு, "மாப்பிள்ளையா… நேரத்துக்கு வந்துட்டேன், முழுப்பேரா போடுங்க"ன்னாராம். போட்டுட்டாரு.