ஜன்னல் சாத்திய அறை

எதிரில் யாராவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் நீங்கள் இப்படி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொஞ்ச நாளாக என்னிடம் யாரும் முகம் கொடுத்தே பேசுவதில்லை. மாஸ்க் போட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை. ஆனால் அது தேவைப்படாது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்து வெகுநாளாகிறது. என் மூச்சில் இப்போது ஒன்றும் கிடையாது.

மெத்தை, தலையணை தைக்கும் பட்டறையில் எனக்கு வேலை. பஞ்சு அடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் என் இடம். புருவம், மூக்கு, காதுமடல் என்று எல்லா இடத்திலும் பஞ்சுத்தூசி பூத்திருக்கும். இருமுகிறவளை அங்கே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்; இருமாதவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பஞ்சக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான். கேட்கவே மெத்தென்று இருக்கிறது.

எங்கள் அம்மா போனபோது தங்கைக்குப் பால்பல் விழுந்து முடியவில்லை. தலை பின்னிவிட்டதிலிருந்து கட்டிக் கொடுத்ததுவரை எல்லாம் நான்தான். கல்யாணத்துக்கு நான் போட்டது ஒரே ஒரு நிபந்தனை, மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். லிஃப்ட் மெக்கானிக், தங்கமான மனிதர். நான் ஜோக் சொன்னால் முடிவதற்கு முன்பே சிரித்துவிடுவார். அப்புறம் குழந்தை பிறந்தது. வாயை மூடாமல் கீச்சுக்கீச்சென்று பேசும் என்பதால் குருவி என்று கூப்பிட்டோம். நாலு பேர், ஒரு வீடு. எனக்கு வேறென்ன வேண்டும்?

ஒருநாள் பட்டறையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். தங்கை டீயோடு வந்து நின்றாள்.

"அக்கா, கோச்சுக்காம கேளு. அவருக்கு வெளிநாட்டுல வேலை வந்திருக்கு. குடும்பத்தோட போகலாமாம்."

"நல்ல விஷயம்தானே. நான் என்னென்ன எடுத்து வைக்கணும்?"

அவள் டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடும்பம்னா புருஷன், பொண்டாட்டி, பிள்ளை மட்டும்தானாம்க்கா. ஒரு ரெண்டு வருஷம். அப்புறம் உன்னையும் கூப்பிட்டுக்கிறோம்."

சிரித்த முகம் மாறாமல் போயிட்டு வாங்க என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அந்த மனசு மறுநாள் காலைவரைகூடத் தாங்கவில்லை, அது வேறு விஷயம்.

அவர்களுடைய பயண வேலைகள் இழுத்துக்கொண்டே போயின. இந்த அலுவலகம், அந்த அலுவலகம் என்று மாப்பிள்ளை செருப்புத் தேய அலைந்தார். அதற்கிடையில்தான் என் இருமலில் ரத்தம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண், படபடவென்று பேசுவாள். டிபி என்றாள்.

"பயப்படாதீங்கம்மா. மாத்திரையை விடாம சாப்பிட்டா முழுசா சரியாயிடும். அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும். நீங்க இருமினா, சத்தமா பேசினா, சிரிச்சாக்கூட கிருமி காத்துல கலந்துடும். மூடின ரூமா இருந்தா மணிக்கணக்கா மிதந்துக்கிட்டே இருக்கும். ஜன்னலை நல்லா திறந்து வைங்க."

"சிரிச்சாக்கூடவா?"

"சிரிச்சாக்கூட. வீட்ல யார் யார் இருக்காங்க? எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, டெஸ்ட் எடுத்துடலாம். சின்னக் குழந்தை இருந்தா முதல்ல கொண்டு வாங்க. சின்னதுங்களுக்கு மூளைக்கே போயிடும்."

"நான் தனியாத்தான் இருக்கேன் டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நேற்றே கேட்டீர்கள். வெட்கமாக இருந்தது என்றேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். காரணத்துக்கு வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

அடுத்த வாரமே வீட்டுக்கு ஏசி வாங்கினேன். அந்தச் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குருவி அதற்குக் கீழே நின்று ஆடியே தீர்த்தாள். மாப்பிள்ளை எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். குளிர் வெளியே போகக்கூடாது என்று ஜன்னல் இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி, ஒரு எறும்பு நுழைய இடமில்லாமல் அடைத்தார். நான் சுவருக்குச் சுவர் ஒரு மெத்தை தைத்துப் போட்டேன். விடுமுறை நாட்களில் மத்தியானச் சாப்பாடு ஆனதும் நாலு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு அதில் விழுந்து கிடப்போம். சீட்டு விளையாட்டு, டிவி, அரட்டை. என்னிடம் இருந்த ஜோக்கையெல்லாம் அவிழ்த்து விட்டேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பேன். குருவி என் நெஞ்சின்மேல் ஏறிப் படுத்துக்கொள்வாள். அவள் நெற்றிமுடி பறக்கும்படி ஊதுவேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை பெரிம்மா" என்பாள்.

அந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். மாத்திரைகள் தையல் பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்தன. ஆஸ்பத்திரிப் பணியாளர் ஒருவர் பட்டறைக்குத் தேடி வந்தார். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டேன் என்றதும் நம்பிப் போய்விட்டார். நான் இளைத்துக்கொண்டே வந்தேன். தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை.

"இந்தப் பஞ்சு வேலையை விட்டுத் தொலையேன்க்கா. நாங்க போனப்புறம் உன்னை யாரு பார்த்துப்பா?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக அவர்களை மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். தங்கைக்கு அதற்கு முன்பே அசதி, சாயங்காலமானால் லேசான காய்ச்சல். பயண டென்ஷன் என்று நினைத்திருந்தாள். எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பிள்ளை என்று குருவிக்கு எக்ஸ்ரே எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் பெண்டாட்டி பிள்ளையை விட்டுப் போகிற ஜாதி இல்லை அவர். வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று.

அன்று சாயங்காலமே பெட்டிகளைத் திறந்து, துணிமணிகளை மடித்துப் பழையபடி அலமாரியில் அடுக்கினேன். ஏசியை அணைத்து ஜன்னல்களையும் நானே திறந்து வைத்தேன். மறுநாள் காலையில் என் மாத்திரையைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தேன். அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

அவளுக்கு வைத்தியம் பார்த்த கிளினிக்கில், குழந்தையை நெஞ்சு ஆஸ்பத்திரியில் காட்டி உடனே தடுப்பு மருந்து தொடங்கச் சொன்னார்கள். தங்கையால் எழுந்து நடமாட முடியவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அங்கே போனால் அந்த டாக்டர் பெண் இருப்பாள், என்னைப் பார்த்ததும் தனியாக இருக்கிறவளுக்குக் குழந்தை ஏது என்று கேட்பாள். எதற்கு வம்பு? குருவியைப் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். ஊஞ்சலை விட்டு இறங்கவே மாட்டேன் என்று ஒரே அடம். உச்சியில் போகும்போதெல்லாம் கத்திச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, "டெஸ்ட் எடுத்தாச்சு, குழந்தைக்கு ஒண்ணுமில்லையாம், மருந்தும் வேண்டாமாம். நானும் பார்த்துக்கிட்டேன், எனக்கும் ஒண்ணுமில்லை" என்றேன். தங்கை என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த மாதம் குருவிக்குக் காய்ச்சல் வந்தது. தலை வலிக்கிறது என்றாள். காலையில் வாந்தி. பிறகு தூங்கிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு கூப்பிட்டும் கீச்சென்றுகூடச் சத்தமில்லை. மாப்பிள்ளை தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே பார்த்துவிட்டு நெஞ்சு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரை வரவழைத்தார்கள். அவளேதான் வந்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் வராந்தாவில் என்னைக் கண்டு நின்றாள்.

"நீங்களா? இந்தக் குழந்தை உங்களுக்கு என்ன வேணும்?"

மாப்பிள்ளைதான் பதில் சொன்னார், அதுவும் பெருமையாக. "எங்க அக்கா, டாக்டர். நாங்க எல்லாரும் ஒரே வீடுதான். குழந்தை எப்பவும் இவங்க நெஞ்சு மேலதான் கிடக்கும்."

டாக்டர் என்னையே பார்த்தாள். "தனியா இருக்கேன்னு சொன்னீங்களேம்மா. ஒரு வருஷம் முன்னாடியே உங்களுக்கு டிபின்னு சொல்லி அனுப்பினேனே." பிறகு தங்கையிடம் திரும்பி, "குழந்தைக்கு டெஸ்ட் எடுக்கலையா நீங்க?" என்றாள்.

"அக்கா கூட்டிட்டு வந்தாளே. உங்க ஆஸ்பத்திரிக்குத்தானே?"

டாக்டர் இல்லையென்று தலையாட்டினாள்.

தங்கை சத்தம் போடவில்லை. "அக்கா, குருவியை எங்க கூட்டிட்டுப் போன?" என்று மட்டும் கேட்டாள்.

"பார்க்குக்கு," என்றேன். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

குருவி அதற்குப் பிறகு கண்ணைத் திறக்கவே இல்லை. இந்த இடம் வந்ததும் நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள் இன்ஸ்பெக்டர், காரணம் இனிமேல்தான். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின வாரம் சாப்பிடும்போது மாப்பிள்ளை ஒரு விஷயம் சொன்னார், விசாவுக்கு எக்ஸ்ரே எடுப்பார்களாம், நெஞ்சில் டிபி தெரிந்தால் கிளம்ப முடியாதாம். அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. யாராவது ஒருவருக்குத் தெரிந்தால் போதும், மூன்று பேரும் நின்றுவிடுவார்கள். அதற்காகத்தான் மாத்திரையைத் தொடாமல் இருந்தேன். ஏசி வாங்கியதும் அதற்காகத்தான். வேண்டுமென்றேதான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு வரவேண்டும் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதைக் காற்றிடம் விட்டுவிட்டேன்.

தங்கை என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், சின்ன வயதில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் தானாக எழுந்து வந்து என் மடியில் தலை வைத்துக்கொள்வாள். இப்போதும் வருவாள், பாருங்கள். பாவம், பெற்ற பிள்ளையும் போன பிறகு, என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?