சாமான் வைக்கிற இடத்துக்கு ஒரு பேர்

— 'லகூன் சேஃப் ஸ்டோரேஜ்' எண்டு எழுதினா, றால் அடைக்கிற ஐஸ் கொம்பனி எண்டுதான் சனம் நினைக்கும். வேற சொல்லுங்க. கடதாசி மில்லில வேலை செய்து வயசு போன மனிசனுக்கு, ஒரு பலகையில எழுதுற மாதிரிப் பேரொண்டு வாயில வருகுதில்ல.

— அது நான் சொன்ன பேரில்ல ஞானம். கனடாவில இருந்து நம்மட மகள் அனுப்பினது.

— நிலக்சி அனுப்பினா அனுப்பட்டும். அவளுக்கு அங்கத்தையான் புதினம். வீடு நிறையச் சாமான வாங்கி, வீட்டுல வைக்க இடமில்லாம, ஊரான்ட இடத்தில அறை வாடகைக்கு எடுத்து வைக்கிறாங்களாம். கேட்டா நாகரிகமாம்.

— இஞ்சயும் அதைத்தானே நாம செய்யப்போறம்.

— இஞ்ச செய்யிறது மாரி வெள்ளத்துக்கு. நம்மட சனத்துக்கு வீடு கட்டத் தெரிஞ்ச அளவுக்கு மேடு பாக்கத் தெரியா. தனுஷா டீச்சரப் பாருங்க. போன வெள்ளத்துக்குக் கட்டிலுக்கு மேல மேசைய ஏத்தி, மேசைக்கு மேல பிறிஜ்ஜ ஏத்தி, தான் தாய் வீட்டுக்கு ஓடினவ. திரும்பி வரக்குள்ள பிறிஜ்ஜுக்குள்ள தவளை. ஊருக்குப் படிப்பிக்கிறவ.

— அக்கா, பலகை காய்ஞ்சுபோச்சு. பின்னேரத்துக்குள்ள நான் ஏறாவூருக்குப் போகணும். பேரைச் செல்லுங்க, எழுதிட்டு எழும்புறன்.

— பொறு இஷாம். பேரெண்டது உன்ட பெயிண்ட் பிறஸ் காயிற அவசரத்துக்கு வைக்கிற சாமானில்ல. பாசிக்குடாப் பக்கம் போய்ப் பார், நாலு அறையும் ஒரு தண்ணித் தாங்கியும் இருந்தாப் பரடைஸ் எண்டு எழுதி வைச்சிரிக்கிறாங்க. அதுவும் நீ எழுதினதுதானே.

— எழுதச் சொன்னாங்க, எழுதினன் அக்கா. சொர்க்கம் எப்பிடி எண்டு நான் போய்ப் பாத்தா எழுதுற?

— நான் ஒண்டு சொல்லட்டா ஞானம்?

— சொல்லுங்க. நேரமும் போகணும்தானே.

— 'நம்பிக்கை'. சின்னப் பேர். ஆருக்கும் விளங்கும்.

— ஓம். ரெண்டு பூட்டுப் போட்ட கடை எல்லாத்துக்கும் அந்தப் பேர்தான். மில்லடியில நம்பிக்கை எண்டு சீட்டுப் பிடிச்ச ஆளை நீங்களும் சேந்துதானே தேடித் திரிஞ்சீங்க? மறந்துபோச்சா?

— சரி. அப்ப அம்மன்ட பேரை வைப்பம். 'கண்ணகை களஞ்சியம்'.

— இந்த மனிசன்ட மூளையக் கொஞ்சம் பார் இஷாம். கோவத்தில ஒரு ஊரையே எரிச்சவ அம்மன். வருசா வருசம் குளிர்த்தி பாடி, தண்ணி தெளிச்சு, கைகூப்பிக் கெஞ்சித்தான் அவவ ஆத்துறம். அவட பேரை எழுதி, சனத்திட்ட மெத்தையும் உடுப்பும் கொண்டு வந்து உள்ளுக்க வையுங்க எண்டு சொல்லுறதா?

— ஊரைக் காக்கிறவவும் அவதானே.

— காப்பா. அதுக்காக நெருப்பப் பேராக் கொண்டு வந்து வைக்கோலுக்குப் பக்கத்தில வைக்க ஏலா. இன்னும் என்ன வைச்சிரிக்கீங்க?

— 'மேட்டுவளவு'. நம்மட வளவு உயரம். எந்த மாரிக்கும் தண்ணி ஏறினதில்ல.

— பேர் மோசமில்ல. ஆனா மேடு எண்டு பலகையில எழுதினா, வாறவனப் பாத்து நீ பள்ளத்தில கிடக்கிறவன் எண்டு சொல்லுற மாதிரி. உண்மைதான். அதுக்காகப் பலகையில எழுதுறதா?

— அக்கா, நான் ஒரு பேர் செல்லட்டா? எங்கட பக்கத்தில, ஒருத்தர்ட பொருளை இன்னொருத்தர் வைச்சுப் பாதுகாத்துக் குடுக்கிறத அமானிதம் எண்டு செல்லுற. அதைத் தின்னவன் உருப்பட மாட்டான் எண்டு உம்மா செல்லுவா.

— நல்ல சொல்லுதான். சொல்லில ஒரு பழுதுமில்ல. ஆனா அதை எழுதினா எங்கடாக்கள் ஏறாவூரான்ட கடை எண்டு வர மாட்டாங்க. ஏறாவூராக்கள் வந்து என்ட பொட்டப் பாத்திட்டுத் திரும்பிப் போவாங்க. மறுகா நீயும் நானும்தான் உள்ளுக்க சாமான் வைக்கணும்.

— அதுவும் சரிதான்.

— சரிதான் எண்டு தெரிஞ்சுதான் சொல்லுறன். என்ன, வாய்க்குள்ள முணுமுணுக்கிறீங்க?

— ஒண்டுமில்ல. ஒரு பேர் இரிக்கு. நீ சிரிப்பாய்.

— இவ்வளவு நேரமும் நான் அழுதா கொண்டிருந்தன்?

— 'நல்லரத்தினம் களஞ்சியம்'.

— ஆர்ட பேர்?

— என்ட பேர்தான்.

— உங்கட பேரா?

— ஓம். இந்த நெல்லு மில் கூரை விழுந்து கிடந்தது. வௌவால விரட்டி, அறை பிரிச்சு, ஒவ்வொரு இரும்புக் கதவையும் நான்தான் வெல்டிங் பிடிச்சு ஒட்டினன். கடதாசி மில்லில பிட்டரா இருந்து படிச்ச தொழில் எல்லாத்தையும் இந்தக் கதவுகளிலதான் போட்டன். ஒரு பலகையில என்ட பேர் இரிக்கட்டுமே ஞானம். வேற எங்கயும் கேக்கயில்ல.

— உண்மைதான் அக்கா. வெயிலுக்க நிண்டு அண்ணன் ஒட்டினத நானும் பாத்தன். அந்தக் கதவு சண்டைக்கும் நிக்கும்.

— நீ எழுத வந்தனியா, சாட்சி சொல்ல வந்தனியா இஷாம்? ஓம், ஒட்டினார். ஆர் இல்லை எண்டது? கோயில் கட்டினது கொத்தன் எண்டு, கோயிலுக்குக் கொத்தன்ட பேரா வைக்கிற?

— நான் கொத்தனா?

— பேச்சுக்குச் சொன்னன். உடனே முகத்தைத் தூக்காதீங்க. இது ஆர்ட வளவு? என்ட அம்மா எனக்குத் தந்த வளவு. அவவுக்கு அவட அம்மா குடுத்தது. நாளைக்கு நிலக்சிக்கு. நம்மட பக்கத்தில வளவும் வீடும் பொம்பிளையோட போற. ஆம்பிளை வருவான், இருப்பான். இது நான் போட்ட சட்டமில்ல.

— நான் வளவைக் கேக்கயில்ல. பலகையில ஒரு வரிதான்.

— இண்டைக்குப் பலகையில வரி. நாளைக்கு உங்கட பனிச்சங்கேணிச் சொந்தம் வந்து, இது எங்கட நல்லரத்தினத்தான்ட மில் எண்டு கட்டில் போட்டுப் படுக்கும். எங்கட அப்பா எத்தனை வருசம் அந்த வீட்டுல இருந்தார்? ஒரு நாளாவது ஊரில ஆரும் சீனித்தம்பிர வீடு எண்டு சொன்னதா? தங்கப்பிள்ளைர வீடு. அவர் சாகும் வரைக்கும் அம்மாட பேர்தான், தங்கப்பிள்ளைர வீடு. அதில அப்பாவுக்கு ஒரு குறையுமில்ல. நல்லாச் சாப்பிட்டார். நல்லாச் செத்தார்.

— அவரிட்ட நீ கேட்டியா?

— என்னத்த?

— குறையில்லையோ எண்டு.

— செத்த மனிசனிட்ட இப்ப போய்க் கேக்கட்டா? சோத்துக்குக் குறையில்ல, துணிக்குக் குறையில்ல. ஆம்பிளைக்கு வேற என்ன குறை? உங்களுக்கு என்ன குறை வைச்சன் நான்? சொல்லுங்க, இஷாமும் கேக்கட்டும்.

— குறை எண்டு சொல்லயில்ல.

— மறுகா?

— சரி, பெரிசா வேணாம். உன்ட அம்மாட பேரையே மேல வை. கீழ, மூலையில, சின்ன எழுத்தில, 'நிர்வாகம்: நல்லரத்தினம்' எண்டு போடட்டும். போற வாறவன் குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்.

— நிர்வாகமா? அப்பிடி எழுதினாச் சனம் உங்களிட்டத்தான் வரும். எவனும் ஒரு அழுகைக் கதை சொன்னாப் பூட்டுத் திறப்பத் தூக்கிக் குடுத்திருவீங்க. பக்கத்து வீட்டு லக்ஷன் கட்டாருக்குப் போகக்குள்ள மோட்டச்சைக்கிள நம்மட விறாந்தையில விட்டது ஆரிட்டக் கேட்டு? உங்களிட்டக் கேட்டு. இண்டைக்கும் அந்த எண்ணெய் நிலத்தில இரிக்கு.

— அது வேற.

— எல்லாம் ஒண்டுதான். மூலையில இடமில்ல. அதில போன் நம்பர் வரணும்.

— என்ட நம்பரா?

— என்ட நம்பர். நீங்க போன எடுத்தா ஹலோ எண்டு சொல்ல முந்தி இருமி முடிக்கணும். அந்த நேரத்துக்குள்ள அடுத்த மாரி வந்திரும்.

— அக்கா, நம்பர் எழுதினாலும் கீழ ஒரு சாண் மிச்சமிரிக்கு. ஒரு பேர் எழுதலாம்.

— மிச்சமிருந்தா மிச்சமா இரிக்கட்டும். வெறும் இடமும் வடிவுதான். எழுது: 'தங்கப்பிள்ளை களஞ்சியம்'. சிவப்பில. ஓரத்துக்கு மஞ்சள் கோடு. அதுக்குக் கீழ உரிமையாளர் ஞானமணி.

— அண்ணன், எழுதட்டா?

— அவரிட்ட என்ன கேள்வி? நான் சொல்லுறது காணாதா?

— எழுது தம்பி. அக்கா சொன்ன மாதிரியே எழுது.

— பாத்தியா. சொன்னா விளங்கிற மனிசன்தான். ரெண்டு தரம் சொல்லணும், அவ்வளவுதான். கையெடுத்து நேரா இழு இஷாம், அம்மாட பேர் சரிஞ்சு நிக்கப்படா. அவ ஒரு நாளும் ஆருக்கும் சரிஞ்சு நிண்டவவில்ல.

— நேராத்தான் வருகுது அக்கா.

— ஓம், வடிவாயிரிக்கு. றோட்டில பஸ்ஸில போறவனுக்கும் தெரியும். இனி முதல் ஆள் நல்ல கையா அமையணும். முதல் கை பிழைச்சா யாவாரம் முழுக்கப் பிழைச்சுப்போகும். தனுஷா டீச்சர் வேணாம், அவட தவளையும் சேந்து வரும். தெற்கு றோட்டு ஞானமுத்து முதலாளியிட்டக் கேப்பம். காசுள்ள கை.

— முதல் ஆள் வந்தாச்சு ஞானம்.

— எப்ப?

— விடிய, நீ கோயிலுக்குப் போன நேரம்.

— இதுதான் நான் சொன்னது. இன்னும் பலகை கட்டயில்ல, அதுக்குள்ள எவனுக்கோ திறப்பக் குடுத்தாச்சு. சரி, வந்த ஆள் என்னத்தக் கொண்டு வந்தான்? பிறிஜ்ஜா, அலுமாரியா?

— அதெல்லாம் அவருக்கு இல்ல. ஒரு மடக்குக் கட்டில். சுத்தியல், குறடு வைக்கிற ஆயுதப் பெட்டி. கொஞ்சம் உடுப்பு. தாய்ட படமொண்டு.

— இந்தப் பிச்சைச் சாமானுக்கு ஒரு அறையா? இதை வைக்க அவனுக்கு ஒரு வீடில்லையா?

— இல்ல. பொஞ்சாதிட வீட்டுலதான் இருந்தவர்.

— ஆ, துரத்திப்போட்டாளா? நல்ல வேலை செய்தாள். துரத்தினாத்தான் சில ஆம்பிளையளுக்கு ரோசம் வாற.

— துரத்தயில்ல. அவவுக்கு இன்னும் தெரியா.

— தெரியாதா? கட்டில் வெளிக்கிட்டது தெரியாத பொம்பிளையுமா?

— கட்டில் பின் விறாந்தையில கிடந்தது. அவ அந்தப் பக்கம் பாக்கிறது குறைவு.

— நல்ல குடும்பம்தான். புருசன் மூட்டை கட்டிக்கொண்டு போறான், அவ எங்கயோ வாயப் பாத்துக்கொண்டு நிண்டிரிக்கிறாள். அப்பிடியும் ஒருத்தி இந்த வாழைச்சேனையில. கேட்டியா இஷாம் கதைய?

— அக்கா, கொஞ்சம் பேசாம இருங்க.

— ஏன், எழுத்துப் பிழைச்சுப்போச்சா?

— எழுத்தில ஒரு பிழையுமில்லக்கா.

— மறுகா ஏன் நீ பிறஸ்ஸக் கீழ வைக்கிறாய்? இஞ்சேருங்க, ஆளத் தெரியாமலா அறையக் குடுத்தீங்க? அவன்ட பேரென்ன?

— இஷாம் தம்பி, பலகையக் கட்டினாப் பிறகு பெயிண்டக் கழுவாம உள்ளுக்கக் கொண்டு வா. கடைசி அறைக் கதவில 'நல்லரத்தினம்' எண்டு எழுதணும். சின்ன எழுத்துக் காணும்.