உயிருள்ளவளுக்கு ஒன்பது நாள் ஜெபம்

என் வாக்குமூலத்தை நிதானமாகவே தட்டச்சு செய்யுங்கள், தம்பி. இரண்டு விரலால் அடிக்கிறவருக்கு என் வேகம் ஒத்துவராது. முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவள் நான். கொன்றவன் பேசினாலும் செத்தவனின் மனைவி பேசினாலும் என் கை ஒரே சீராகத்தான் ஓடும். எங்கே முற்றுப்புள்ளி என்று நானே சொல்லிவிடுகிறேன்.

பெயர் பெர்லித்தா. வயது அறுபத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஒரே தங்கை, கனடாவில். ஓய்வு பெற்ற வருடம் ஒரு மீன் வாங்கினால் தலைப்பக்கம் மதியத்துக்கு, வால்பக்கம் மறுநாளைக்கு. சில நாள் கடைக்காரியிடம் விலை கேட்பதுதான் என் வாயிலிருந்து வரும் ஒரே பேச்சு. தனிமை பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை.

அதனால்தான் இணையத்தில் அந்த ஒலி நிகழ்ச்சியைத் தொடங்கினேன். வாரம் ஒரு குற்றம், எல்லாம் உண்மையில் நடந்தவை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வழக்குகள்தானே. பதினோராயிரம் பேர் கேட்டார்கள், துணி மடித்துக்கொண்டும் வெங்காயம் உரித்துக்கொண்டும். "அக்கா, பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரியே இருக்கு" என்று எழுதுவார்கள். அடுத்த வீட்டு இழவில் குளிர்காய்கிறாயே என்று ஒருத்தி மட்டும் எழுதினாள். அவளுக்கு வீடு நிறைய ஆட்கள் இருக்க வேண்டும்.

ரோவேனா காணாமல்போனதை நான்தான் முதலில் சொன்னேன். இருபத்திரண்டு வயது. தையல் ஆலையிலிருந்து கிளம்பியவள் வீடு வந்து சேரவில்லை. அதைக் கேட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை, அவள் அம்மா சோலிங், வாழையிலையில் சுற்றிய அரிசிப் பலகாரத்தோடு என் வாசலில் வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள், ஒரே மகள்.

"என் பொண்ணை மனுஷியா மதிச்சுப் பேசினது நீங்க ஒருத்தர்தான், அக்கா" என்றாள்.

அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் வந்தாள். நேயர்கள் எழுதியதைப் படித்துக் காட்டுவேன். அவள் அழுவாள். அழுது முடித்ததும் இருவருமாகச் சாப்பிடுவோம். என் நூடுல்ஸ் வெறும் உப்பாகக் கரிக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். என் சமையலில் குறை சொல்ல ஓர் ஆள் கிடைத்திருந்தாள். அதன் சுகம் உங்களுக்குத் தெரியாது, தம்பி. உங்கள் விரலில் கல்யாண மோதிரம் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தச் செய்தி வந்தது. "பெரியம்மா, நான்தான் ரோவேனா. சாகல. செபு தீவுல இருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடியே வயித்துல புள்ள, அம்மா முகத்தைப் பார்க்க தைரியம் வரல. உங்க நிகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு அழறேன். அம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க. என்னைச் சேத்துப்பாங்களா?" கூடவே ஒரு படம். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை, ரோவேனா சிரித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் அன்று சோலிங் முந்திக்கொண்டாள். "காத்துக் கெடந்து என்ன கண்டேன், அக்கா? சமார் தீவுல இருக்கற தங்கச்சி கூப்பிடறா. மாசக் கடைசியில கப்பல் ஏறிடறேன்."

யோசித்துப் பாருங்கள். மகள் கிடைத்துவிட்டால் அவளோடு போவாள். கிடைக்காவிட்டால் தங்கையிடம் போவாள். கிடைத்துவிட்ட பெண்ணைப் பற்றிக் கேட்க நேயர்களும் வரமாட்டார்கள். ரோவேனாவுக்குப் பதில் எழுதினேன்: உன் பெயரை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுகிறாள், கொஞ்சம் பொறு.

மறுவாரம் ஏரியில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. குத்திக் கொன்று போட்டிருந்தார்கள். அடையாளம் சொல்ல சோலிங்கை அழைத்தார்கள். துணைக்கு நான் போனேன். முகம் மிச்சமில்லை.

"விரல் நீளமா இருக்கே, அக்கா. என் பொண்ணுக்குக் குட்டை விரல்."

"தண்ணியில ஊறினா அப்படித்தான் ஆகும், சோலிங்."

நீதிமன்றத்தில் இருந்தவள் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. கையெழுத்துப் போட்டாள்.

கொலையுண்டவள் என்பதால் பெட்டியின் மேல் ஒரு கோழிக்குஞ்சை விட்டார்கள், கொன்றவன் மனசாட்சியை அது கொத்தட்டும் என்று. பசியில் கத்திக்கொண்டிருந்தது. அரிசி தூவியது நான்தான். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. நான் யாரையும் கொல்லவில்லையே.

இறந்தவர்களுக்கான ஒன்பது நாள் ஜெபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றப்போகும்போது சோலிங்கின் கை நின்றது. "அக்கா, உயிரோட இருக்கறவளுக்கு இந்த ஜெபம் சொன்னா அவ ஆயுசு போயிடும்பாங்க. நிச்சயமா இவதானா? நீங்க சொன்னா ஏத்தறேன்."

கைபேசி என் கைப்பையில் இருந்தது. அதில் அந்தப் படமும் இருந்தது.

"ஏத்து" என்றேன்.

ஒன்பது நாளும் வீடு கொள்ளாத கூட்டம். முன்பின் தெரியாதவர்கள் என் தோளைத் தொட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். கல்லறை இருக்கும் ஊரை விட்டு எந்தத் தாய் போவாள்? சோலிங் சமாருக்குப் போகவில்லை. சனிக்கிழமை காலையில் கல்லறை, மதியம் என் வீடு. ரோவேனா கேட்பாள் என்று நிகழ்ச்சியில் மட்டும் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பதினோரு மாதம் போல் நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அப்படியானால் அந்தக் குழியில் கிடப்பவள் யார் என்கிறீர்கள். தெரியாது, தம்பி. அது வேறு வழக்கு.

போன சனிக்கிழமை கதவைத் தட்டியது ரோவேனா. பிள்ளையைக் கையில் பிடித்திருந்தாள். "இன்னும் எத்தனை நாள் பொறுக்கறது, பெரியம்மா? நீங்களும் கூட வாங்க, அம்மா கால்ல விழுந்துடறேன்." அடுக்களையில் சோலிங் பூண்டு நசுக்கும் சத்தம் கேட்டது. நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"உங்க அம்மா போன வருஷமே போய்ட்டாம்மா. உனக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் இருந்தேன்."

படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடைசிவரை கூட இருந்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள். "யாரு அக்கா?" என்றாள் சோலிங். "வழி கேட்டா" என்றேன். சாப்பிட உட்கார்ந்தோம்.

ரோவேனா நேரே கப்பல் ஏறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அம்மா செத்துவிட்டாள் என்று கேட்ட மகள் முதலில் மெழுகுவத்தியோடு கல்லறைக்குத்தான் போவாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. வாராவாரம் சோலிங்கோடு அங்கே போன எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். நான் போனது துணைக்காக, அழுவதற்காக அல்ல. அதுதான் என் பிழை. வரிசை வரிசையாக அம்மா பெயரைத் தேடியவள் கல்லில் தன் பெயரைப் பார்த்திருக்கிறாள். கல்லறைக் காவலர் சொல்லியிருக்கிறார்: "இவளோட அம்மாவா? நல்லாத்தான் இருக்காங்க. சனிக்கிழமையானா அந்த ரேடியோ அக்கா வீட்லதான் சாப்பாடு."

அவள் திரும்பி வந்தபோது நாங்கள் இன்னும் தட்டு எடுக்கவில்லை. சோலிங் கத்தவில்லை. மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும், அக்கா?"

"சமாருக்குப் போறேன்னு சொன்னியே, அதுக்கு நாலு நாள் முன்னாடி."

பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வசவு வைதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள். மகள் உயிரோடு இருப்பது தெரிந்தே தாயிடம் மறைத்தேன். யாரோ பெற்ற பெண்ணை அவள் பெயரில் புதைக்க வைத்தேன். உயிரோடிருந்த தாயைச் செத்தாள் என்று மகளிடம் சொன்னேன். மூன்றும் நான் செய்தவை, யாரும் தூண்டவில்லை. முற்றுப்புள்ளி.

நாளை சனிக்கிழமை, தம்பி. சோலிங்கிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள், இனிமேல் நான் எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று.