கொடுத்த பிள்ளையும் கொடுக்காத பிள்ளையும்

மேடையில் இருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே, வாழ்க்கைத் துணையை இழந்த துயரோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிறிஸ்துநாயகம் அண்ணை அவர்களே, தென் இலண்டனின் மிச்சம் நகரிலிருந்தும் குரோய்டனிலிருந்தும் அப்டன் பார்க்கிலிருந்தும் வந்திருக்கும் கழகத்தவர்களே, பயிற்சி முடிந்து அதே உடுப்போடு வந்து பின்வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். பிள்ளைகள் உள்ளே வந்து இருங்கள். இந்தக் கூட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான உடுப்பு வேறில்லை.

நான் நிர்மலன். மிச்சம் நகரில் உள்ள எங்கள் மகளிர் ஹொக்கிக் கழகத்தின் செயலாளர். இன்று நாம் நினைவுகூரும் திருமதி பியற்றிஸ் கிறிஸ்துநாயகம் அவர்கள் எங்கள் தெரிவுக்குழுத் தலைவியாக இருந்தவர். யார் விளையாடுவது, யார் காத்திருப்பது, யாரை இன்னொரு கழகத்துக்கு மாற்றிக் கொடுப்பது என்று முடிவு சொல்லும் கதிரை அவருடையது. அந்தக் கதிரையில் இருப்பவரை யாருக்காவது பிடிக்குமா? ஆனாலும் இன்று இந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை. அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்காக விளையாடியவர் அவர். பிறகு ஜேர்மனியில் ஒரு கழகத்தில் ஆடினார். அங்கிருந்து குடும்பத்தோடு இலண்டனுக்கு வந்து, கார் ஓட்டப் பழக்குவதைத் தொழிலாகக் கொண்டார். இந்தப் பகுதியில் ரவுண்டபவுட்டைக் கண்டு நடுங்கிய எத்தனை பேர் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்து பழகினோம். என் மனைவியும் அதில் ஒருவர். கை நடுங்குகிற ஒருவரோடு அமைதியாக எப்படிப் பேசுவது என்பதை அவர் அங்கேதான் பழகியிருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பருவத்தைப் பற்றிப் பேசுகிறேன். தமிழ்க் கழகங்களின் லீக்கில் நாங்கள் அப்போது கடைசி இடத்தில் இருந்தோம். அப்படியே முடிந்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் கழகங்கள் தங்களுக்குள் வீராங்கனைகளை மாற்றிக்கொள்ளலாம் என்பது லீக்கின் விதி. கிழக்கு இலண்டன் கழகம் ஒன்று எங்களிடம் வந்தது. கோல் போடுவதில் பெயரெடுத்த தங்கள் முன்வரிசை வீராங்கனையைத் தருவதாகச் சொன்னார்கள். பதிலுக்கு எங்கள் இளம் பிள்ளைகள் இருவரைக் கேட்டார்கள். ஒருத்தி லோஜினி, மற்றவள் றூபினி.

இருவரும் அந்தப் பருவத்தில் திணறிக்கொண்டிருந்தார்கள். பின்களத்தில் நின்ற லோஜினியைத் தாண்டித்தான் எதிரணியின் கோல்களில் பெரும்பாலானவை விழுந்தன. முன்வரிசையில் ஆடிய றூபினி ஒரு கோல்கூடப் போடவில்லை. இப்படியான இருவரைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்குவதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் அன்றைய பயிற்றுநர் சந்திரகுமார் அண்ணை இதோ மேடையில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவர் கூட்டத்தில் நேராகவே கேட்டார்.

"அக்கா, ரெண்டு பேரும் நல்ல பிள்ளையள். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நாங்கள் இறங்கினா மிச்சப் பிள்ளையள் வேற கழகத்துக்குப் போயிடுவினம். பிறகு ஆரை வைச்சு விளையாடுறது?"

அது நியாயமான கேள்வி. பியற்றிஸ் அக்கா மறுக்கவில்லை.

"இரண்டு கிழமை தாங்கோ தம்பி. பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார்.

பார்த்தார். அந்த இரண்டு வாரமும் மழையில் குடையோடு மைதானக் கரையில் நின்று பார்த்தார். பந்து எங்கே போகிறது என்று நாங்கள் பார்த்தபோது, பந்தைப் பறிகொடுத்த பிள்ளை அடுத்த கணம் என்ன செய்கிறாள் என்று அவர் பார்த்தார். "பிழை எல்லாரும் விடுவினம். பிழை விட்டாப் பிறகு கை ஸ்டியரிங்கில இருக்குதோ, முகத்தை மூடுதோ? அதைத்தான் நான் பாக்கிறது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். லோஜினி ஒவ்வொரு முறையும் திரும்பி ஓடினாள். தாண்டிப் போனவளைத் துரத்தினாள். அதற்கு முந்திய கோடையில் அவள் திடீரென்று உயர்ந்திருந்தாள். கையில் இருந்ததோ பழைய மட்டை. அதனால் அளவுக்கு மீறிக் குனிந்து, பந்துக்குப் பிந்தியே போய்ச் சேர்ந்தாள்.

றூபினியின் நிலை வேறு. அவளிடம் குறை பெரிதாக இல்லை. எங்கள் ஆட்ட முறையில் முன்னால் ஒருத்தி தனியாக நிற்க வேண்டும். பக்கத்தில் துணை இருந்தால் பாய்ந்து ஆடக்கூடிய பிள்ளை, அங்கே பந்தே வராத இடத்தில் நின்று வாடிக்கொண்டிருந்தாள். கேட்டு வந்த கழகமோ இருவரை முன்னால் நிறுத்தி ஆடுவது.

மறுகூட்டத்தில் அவர் முடிவைச் சொன்னார். லோஜினியைக் கொடுப்பதில்லை. றூபினியைக் கொடுக்கலாம்.

இருவரையும் காப்பாற்றியிருந்தால் கைதட்டல் வாங்கியிருப்பார். இருவரையும் கொடுத்திருந்தால் நட்சத்திரம் வந்திருக்கும். இரண்டையும் அவர் செய்யவில்லை. மற்றக் கழகம் நட்சத்திரத்தைத் தர மறுத்தது. றூபினிக்கு மாற்றாக மரினா என்ற இரண்டாம் கோல்காப்பாளரைத் தந்தது. அதற்கும் அவர் சம்மதித்தார். அதோடு நிற்காமல், அந்தக் கழகத்தின் பயிற்றுநரைத் தொலைபேசியில் அழைத்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே பேசினார்.

"இந்தப் பிள்ளையைப் பாத்துச் சத்தம் போட்டா உறைஞ்சு போயிடுவா. கிட்டப் போய் மெதுவாச் சொல்லுங்கோ. அப்ப கேப்பா. இடப்பக்கம் இன்னும் பழக வேணும்."

குறையைச் சொன்னால் அவர்கள் வேண்டாம் என்றுவிடுவார்களே என்று நான் பதறினேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையை அனுப்புறம், நிர்மலன். பழைய காரைத் தள்ளிவிடேல்லை."

இந்தச் செய்தியை றூபினிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். அக்கா கேட்கவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். தாயார் தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். றூபினிக்கு அப்போது பதினெட்டு வயது. சொல்லி முடிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப, நான் சரியில்லை எண்டுதானே அன்ரி சொல்லுறீங்கள்?"

"இல்லையம்மா. உனக்கு ஏத்த இடம் எங்களிட்ட இல்லை. அது அவையளிட்ட இருக்கு."

"லோஜினியை மட்டும் ஏன் வைச்சிருக்கிறீங்கள்?"

"அவளுக்கேத்த இடம் இங்க இருக்கு. கோவமெண்டால் என்னோட கோவி. விளையாட்டை விட்டிடாத."

அவள் எழுந்து மேலே போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அக்கா காரை ஓட்டவில்லை. சாவியை என்னிடம் தந்துவிட்டார்.

அந்தப் பருவத்தின் முடிவு என்ன? நாங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம். ஆண்டுக் கூட்டத்தில் அவர்மேல் கடும் பேச்சு வந்தது. "நட்சத்திரத்தை வேண்டாமெண்டவ" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அக்கா அடுத்த சனிக்கிழமையும் குடையோடு கரையில் நின்றார். தன் உயரத்துக்கேற்ற மட்டையோடு லோஜினியும் வந்தாள். அவள் நிமிர்ந்து ஆடப் பழகுவதற்கு ஒரு பருவம் முழுவதும் போனது. அதற்கடுத்த பருவத்தில் அவள் தலைமையில் நாங்கள் மேலே ஏறினோம். அவளை முதன்முதலில் தலைவியாகப் பிரேரித்தவர் சந்திரகுமார் அண்ணை. அதை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் பியற்றிஸ் அக்கா என்னைக் கோபிப்பார்.

மேலே ஏறிய பிறகு வந்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கிழக்கு இலண்டன் கழகம் எங்களைத் தோற்கடித்தது. வெற்றிக் கோலைப் போட்டது றூபினி. எங்கள் பக்கம் எல்லோரும் தலையில் கை வைத்து நின்றபோது ஒருவர் மட்டும் கைதட்டினார். யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

அன்புக்குரியவர்களே, எனக்கே தெரியாமல் இருந்த ஒன்றை நேற்று றூபினி தொலைபேசியில் சொன்னாள். இங்கே சொல்லவும் அனுமதித்தாள். அவள் கோபித்து, பேசாமல் இருந்த மாதங்களிலும் அக்கா அவளுடைய ஆட்டங்களுக்குப் போயிருக்கிறார். மிச்சத்திலிருந்து டிராமும் ரயிலும் மாறிப் போய், மைதானத்தின் அடுத்த கரையில் நின்று பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பியிருக்கிறார். இந்த வசந்த காலத்தில், நோய் முற்றி மருத்துவமனையில் இருந்த அக்காவைப் பார்க்க றூபினி போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டாள்.

"அன்ரி, நான் நல்லா வருவன் எண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை" என்றாராம் அக்கா. "தெரியாதபடியால்தானே வந்து வந்து பாத்தனான்."

ஓர் இளம் பிள்ளையைப் பற்றி முடிவெடுப்பவர் யாரானாலும், அந்தப் பதிலைவிட நேர்மையாக எதைச் சொல்ல முடியும்? முடிவு சொன்னதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. வைத்திருந்த பிள்ளைக்கும் அவர் பொறுப்பு. கொடுத்த பிள்ளைக்கும் அவரே பொறுப்பு.

கிறிஸ்துநாயகம் அண்ணை, உங்கள் வீட்டில் அவர் விட்டுச் சென்ற இடத்தை எங்களால் நிரப்ப ஏலாது. கழகத்தில் அவர் செய்த வேலையை நாங்கள் தொடர்வோம். இன்றுமுதல் எங்கள் பிள்ளை எவளையும் நாங்கள் மாற்றிக் கொடுப்பதென்றால், அவளுடைய வீட்டுக்குப் போய், முகம் பார்த்துச் சொல்வோம். போன பிறகும் அவளுடைய ஆட்டத்தைப் போய்ப் பார்ப்போம். நேற்றுக் கூடிய நிர்வாகக்குழு இதை விதியாக ஏற்றிருக்கிறது. தெரிவுக்குழுவில் வெறுமையாகிய இடத்தை ஏற்கும்படி லோஜினியைக் கேட்டோம். அவள் ஓம் என்றாள். தன்னோடு இன்னொருவரையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தாள். கிழக்கு இலண்டன் கழகத்தின் சம்மதத்தோடு, எங்கள் இளையோர் தெரிவுக்குழுவில் றூபினியும் அமரப்போகிறாள்.

வருகிற சனிக்கிழமை காலை புதிய பிள்ளைகளுக்கான தெரிவு நடக்கும். துக்கத்துக்காக அதை ஒத்திவைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். ஒத்திவைக்கவில்லை. உங்கள் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். இந்தப் பருவத்தில் ஒன்றுமே சரிவராத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அவளை முதலில் கூட்டி வாருங்கள்.