நாற்காலிக்கு வைக்கிற டீ

உக்காருங்க எஞ்சினியர் சார், அதுக்குள்ள எந்திரிச்சா எப்படி? புதினா போட்டு இன்னொரு டீ கொதிக்குது. கையெழுத்தா? போடுறேன். வாஷிங் மெஷின் இப்ப சத்தமில்லாம ஓடுது, எனக்கும் காது கேக்குது. ஆனா கஸ்டமருக்குத் திருப்தின்னு ஒரு கட்டம் இருக்கே, அதுலதான் கை போகமாட்டேங்குது.

புது மெஷினெல்லாம் வேணாம் சார்.

இந்தச் சட்டம் பேக்டரி மேனேஜரா நீங்க போட்டதுதானே? புகார் வந்தா மேனேஜரே வீடு தேடிப் போகணும். கையெழுத்தில்லாம திரும்பக்கூடாது. பழுதுக்குக் காரணத்தத் தன் கையால எழுதி, மறுநாள் காலையில பேக்டரி லைன்ல எல்லார் முன்னாடியும் வாசிக்கணும். கஸ்டமர் வந்து கேக்கணும்னா கேக்கலாம், அவங்களுக்குன்னு ஒரு நாற்காலி. ஒருத்தரும் வந்ததில்ல, ஆனாலும் அதுக்கு முன்னாடி தினம் ஒரு டீ. எங்களுக்குத் தண்ணி குடிக்க நேரமில்ல, காலி நாற்காலிக்கு டீ.

ஆமா, அந்த லைன்லதான் வேல பாத்தேன். ஆறு வருஷம். மூஞ்சியில முகமூடி, தலையில தொப்பி, எங்க நூறு பேரும் உங்களுக்கு ஒரே ஆளு. பில்லு என் வீட்டுக்காரர் பேர்ல. புகார்ல உம்மு ஹாஸிம், ஹாஸிமோட அம்மா. புள்ள பேரச் சொல்லித்தானே நம்ம பக்கம் தாயக் கூப்புடுறோம், உங்களுக்கு எங்க சந்தேகம் வரப்போகுது.

ரமலானுக்கு முந்தின வாரம். லைன்ல வந்த ஒரு மெஷின்ல, டிரம் சுத்துறப்ப மணல அரைக்கிற மாதிரி சத்தம். கயித்த இழுத்து லைன நிறுத்தினேன். நீங்க வந்தீங்க. அத்தன பேர் முன்னாடி என்ன கேட்டீங்க? நீ என்ன கஸ்டமரா, கஸ்டமரா வந்து பேசுன்னீங்க. இவ வேணும்னே வேலையக் கெடுத்தான்னு எழுதி வெளிய தள்ளினீங்க. அந்தக் காகிதத்தப் பாத்து ஒரு கம்பெனிக்காரனும் என்ன உள்ள விடல சார். அந்த மெஷின மட்டும் பெட்டியில போட்டு அனுப்பிட்டீங்க.

அதோட நம்பர அன்னிக்கே உள்ளங்கையில எழுதிக்கிட்டேன். பில்பைஸ் டவுன்லேர்ந்து கெய்ரோ வரைக்கும் பதினோரு கடை. ஒவ்வொரு மெஷினா முதுகத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். கல்யாண வளையல வித்துத்தான் வாங்கினேன். வாங்கின எட்டாம் மாசம் கத்துச்சு. அப்பா, அன்னிக்குத்தான் நிம்மதியாச் சாப்புட்டேன்.

பேனா இருக்குல்ல? காரணம்னு இருக்கிற எடத்துல எழுதுங்க. இன்ஷிராஹ் அன்னிக்கே சொன்னா, நான் கேக்கல. அவ்வளவுதான். என் பேரத் தெளிவா எழுதுங்க, வாசிக்கிறப்பத் திக்கக்கூடாது.

இந்தாங்க, கையெழுத்து. காலையில நேரத்தோட வந்துருவேன். அந்த நாற்காலிக்கு வைக்கிற டீயில, எனக்கு மூணு கரண்டி சக்கர.